குழலைத் தின்றது கூடா, சூடா?
.220 ஸ்விஃப்ட் தோட்டாவின் அவப்பெயர் பற்றி ஒரு மறுபரிசீலனை

வின்செஸ்டர் நிறுவனம் 1935-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த .220 ஸ்விஃப்ட், 48 கிரெயின் எடையுள்ள குண்டை வினாடிக்கு 4,110 அடி வேகத்தில் செலுத்தியது. வினாடிக்கு 4,000 அடியைத் தாண்டிய முதல் ஆலைத் தயாரிப்பு வேட்டைத் தோட்டா அதுதான். குழலை விரைவில் தின்றுவிடும் என்ற அவப்பெயரும் அதற்கு வந்து சேர்ந்தது. வின்செஸ்டர் 1964-இல் தன் மாடல் 70 ரைஃபிளில் ஸ்விஃப்டைக் கைவிட்டது; மறு ஆண்டே ரெமிங்டன் .22-250 தோட்டாவை ஆலைத் தயாரிப்பாக ஏற்றது. பின்னது இன்றுவரை நல்ல பெயரோடு இருக்கிறது. ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும் இரு தோட்டாக்களில் ஒன்று மட்டும் ஏன் பழி சுமந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை பி.ஓ. ஆக்லியின் வழிவந்தது. குழல் செய்வதிலும் புதுத் தோட்டாக்களை வடிவமைப்பதிலும் நீண்ட அனுபவமுள்ள அவர் 1962-இல் வெளியிட்ட கையேடு, வேட்டை ரைஃபிள் பற்றிய அமெரிக்கப் பேச்சையே மாற்றியமைத்தது. குழலின் துளைக்குப் பொருந்தாத அளவு பெரிய கூட்டில் வெடிமருந்தை நிரப்பினால் வேகம் சிறிதே கூடும், தேய்மானமோ பெரிதும் கூடும் என்பது அந்த விளக்கத்தின் சாரம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஸ்விஃப்டில் சுமார் 38 கிரெயின் மருந்து .224 அங்குலக் குழல் வழியே வெளியேறுகிறது; .30-06-இல் சுமார் 50 கிரெயின் .308 அங்குலக் குழல் வழியே வெளியேறுகிறது. துளைப் பரப்பால் வகுத்தால் ஸ்விஃப்டின் குழல் தாங்கும் சுமை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆனால் இதே கணக்கை .22-250-க்குப் போட்டால் விளக்கம் தடுமாறுகிறது. அதன் துளையும் .224 அங்குலமே, மருந்தோ ஸ்விஃப்டைவிட ஓரிரண்டு கிரெயின்தான் குறைவு. வகுத்து வரும் வேறுபாடு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒன்றைத் தூற்றி மற்றொன்றைப் போற்ற இவ்வளவு சிறிய இடைவெளி போதாது. ஆக்லியின் விகிதம் ஸ்விஃப்டையும் .30-06-ஐயும் பிரித்துக் காட்டும். ஸ்விஃப்டின் வரலாற்றை விளக்காது.

விகிதம் மட்டும் போதாது என்பதற்கு வலுவான சான்று வேட்டைத் துறைக்கு வெளியே, பிரிட்டிஷ் வெடிமருந்தான கார்டைட்டின் சேர்மானப் பட்டியலில் கிடைக்கிறது. ஆபெலும் டூவரும் 1889-இல் காப்புரிமை பெற்ற கார்டைட்டின் முதல் வகையில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு, வெடிபஞ்சு 37, கனிமக் களிம்பு 5. கருமருந்தை எண்ணி ஆழம் குறைந்த, முனை மழுங்கிய வரிகளோடு அமைந்திருந்த லீ-மெட்ஃபோர்ட் ரைஃபிளின் குழல் இந்தச் சூட்டுக்கு ஈடுகொடுக்கவில்லை. ஆழமான ஐந்து வரிகள் கொண்ட லீ-என்ஃபீல்டு 1895-இல் வந்தது. போயர் போரை ஒட்டிய ஆண்டுகளில் சேர்மானமே மாறியது. எம்.டி. எனப்பட்ட புது வகையில் நைட்ரோகிளிசரின் 30 விழுக்காடாக இறங்கியது, வெடிபஞ்சு 65 ஆக உயர்ந்தது, களிம்பு அதே 5. இந்த மாற்றத்தில் நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எம்.டி. வலுக் குறைந்தது, அதே வேகத்தை எட்ட மருந்தின் எடையைக் கூட்ட வேண்டியிருந்தது. துளை மாறவில்லை, மருந்து கூடியது. ஆகவே விகிதம் ஏறியது. தேய்மானமோ குறைந்தது. விகிதம் ஒரு திசையிலும் விளைவு எதிர்த்திசையிலும் போன இந்த ஒரு நிகழ்வே, அடிப்படைக் காரணம் மருந்தின் அளவல்ல, குழலின் உள்முகத்தைத் தாக்கும் வாயுவின் சூடு என்று காட்டப் போதும். ஆண்ட்ரூ நோபிள் இங்கிலாந்திலும் பால் வியேய் பிரான்சிலும் நடத்திய சோதனைகளும் இந்தப் பக்கமே சாய்ந்தன.

இதற்கு ஒரு தடை எழும். கார்டைட் நைட்ரோகிளிசரின் கலந்த மருந்து. 1935-இன் அமெரிக்க வேட்டைத் தோட்டாக்களில் பரவலாக இருந்த டுபாண்ட் ஐ.எம்.ஆர். வகைகளில் அது இல்லை. அப்படியிருக்க பீரங்கிக்கும் போர்த் துப்பாக்கிக்கும் கண்ட முடிவை வேட்டை ரைஃபிளுக்கு எப்படிப் பொருத்துவது? தடை நியாயமானது. சேர்மானத்தை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் சூடு என்ற காரணத்தைப் பொருத்தலாம். வாயுவின் சூடு ஒரு வழி என்றால், உலோகம் ஆறுவதற்குள் அடுத்த குண்டைச் சுடுவது மற்றொரு வழி. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ஆய்வுகளின் தொகுப்பாக 1946-இல் வந்த அறிக்கை, அதிவேகத் துப்பாக்கிகளையும் குழல் அரிமானத்தையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் இயந்திரத் துப்பாக்கிக் குழல்களுக்கு ஸ்டெல்லைட் உள்ளுறை பொருத்தியதும் இடைவிடாத சூட்டைத் தாங்கத்தான். அரிமானம் தொடங்கும் இடம் அறைக்கு அடுத்து வரிகள் தொடங்கும் குழலின் தொண்டை. அங்கே எஃகின் மேற்பரப்பு கரியையும் நைட்ரஜனையும் உள்வாங்கி நொறுங்கும் தன்மை பெறுகிறது. சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வர, வெடிப்புகள் வலைபோல் படர்ந்து பொருக்காக உதிர்கின்றன.

துருவையே காரணமாக்கும் இன்னொரு விளக்கமும் உண்டு. பொட்டாசியம் குளோரேட் கலந்த கேப்புகள் விட்டுச்செல்லும் உப்பே குழலைத் துருப்பிடிக்க வைக்கிறது என்பதை அமெரிக்கச் சுரங்கத் துறையின் ஹஃப் 1922-இல் நிறுவினார். 1920-களின் பிற்பகுதியிலேயே துருவேற்றாத கேப்புகள் வேட்டைத் தோட்டாக்களில் இடம்பெறத் தொடங்கிவிட்டதால், ஸ்விஃப்டின் பழியை முழுதும் துருவின் மேல் போட முடியாது. மேலும் துரு குழல் நெடுகப் புள்ளியிடும்; ஸ்விஃப்டைப் பற்றிய குறையோ தொண்டையைப் பற்றியது.

எஞ்சுவது பயன்பாடு. இங்கே சான்று மெலிந்தது என்றாலும் வாதம் தளரத் தேவையில்லை. ஸ்விஃப்ட் விற்கப்பட்டதே அந்த 4,110 அடிக்காக. வாங்கியவர் அதை உச்ச அழுத்தத்தில் சுடத்தான் வாங்கினார். .22-250-ஓ 1930-களிலிருந்து சொந்தமாகத் தோட்டா நிரப்புவோர் கையில், அவரவர் நிதானத்துக்கேற்ற அளவுகளில் வளர்ந்து, 1965-இல் 55 கிரெயின் குண்டோடும் தணிந்த வேகத்தோடும் ஆலைக்குள் நுழைந்தது. இரண்டும் புல்வெளி அணில்கள் மேல் அடுத்தடுத்துச் சுடப் பயன்பட்டவை. ஆறவிடாமல் சுட்டால் இரண்டின் தொண்டையும் தேயும். ஸ்விஃப்டின் பெயர் மட்டும் கெட்டது, அது முதலில் வந்ததாலும் உச்ச வேகத்தையே விளம்பரமாக்கியதாலும். ஸ்விஃப்டின் 4,110 அடிக்கும் .22-250-இன் சுமார் 3,700 அடிக்கும் இடையிலான வேறுபாடே போதுமான காரணமாகாதா எனலாம். அது ஒரு பங்கு. வேகத்தோடு ஏறும் அழுத்தமும் மருந்தும் சூட்டையும் ஏற்றும். ஆனால் அந்தப் பங்கு சுடுபவர் தேர்வு, தோட்டாக் கூட்டின் விதி அல்ல. அதே ஸ்விஃப்டில் மருந்தைத் தணித்து நிரப்பினால் அது .22-250 போலவே நடந்துகொள்ளும். வேகம், எஃகு, சுடும் விரைவு ஆகிய மூன்றின் பங்கையும் இன்று தனித்தனியே அளந்து சொல்ல அக்காலக் குறிப்புகள் இடம் தரவில்லை.

இந்தக் குழப்பத்தின் வேர் 'குழலின் ஆயுள்' என்ற அளவிலேயே இருக்கிறது. தொண்டை தேய்ந்தால் குண்டு வரிகளைத் தொடுமுன் கடக்கும் தூரம் கூடுகிறது. சாய்ந்து நுழையும் குண்டு இலக்கில் சிதறுகிறது. மான் வேட்டைக்காரருக்கு நூறு கெஜத்தில் 2 அங்குலச் சிதறல் போதும். போட்டியில் சுடுபவர் அதில் பத்தில் ஒரு பங்கு கூடினாலே குழலை மாற்றுவார். ஒரே குழல் ஒருவருக்கு முடிந்துபோனதாகவும் மற்றவருக்குப் புதிதாகவும் இருக்கலாம். எந்த மருந்து, எவ்வளவு எடை, எவ்வளவு இடைவெளி விட்டுச் சுட்டது, எந்தச் சிதறலில் குழலைக் கைவிட்டது ஆகிய நான்கும் இல்லாத ஆயுள் எண்ணைச் சான்றாகக் கொள்ளக்கூடாது. ஆக்லியின் விகிதம் முன்னெச்சரிக்கையாக நிற்கும், தீர்ப்பாக நிற்காது.