வளர்த்த கடாவும் வாங்கிய காளையும்

ஓசூர் பஸ் நிலையத்துக்கு அருகே நான் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடை ஒன்று உண்டு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் அங்கே ஒரே பெஞ்சியில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எல்லையோரத்து ஊர் அல்லவா? சண்டை வந்தாலும் மூன்று பாஷையிலும் வரும், சமாதானமும் அப்படியே.

2025 ஜூன் 3-ஆம் தேதி இரவு அங்கே ஒரே அமளி. பெங்களூர்க் கோஷ்டி பதினெட்டு வருஷம் காத்திருந்து, பஞ்சாபை ஆறு ஓட்டங்களில் தோற்கடித்து, முதல் முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றிருந்தது. கன்னடக்காரர்கள் வெடி வைத்தார்கள். "எங்கள் சென்னை ஐந்து தடவை வாங்கிவிட்டது" என்று தமிழ்ப் பையன் ஒருவன் முணுமுணுத்தான்.

என் பக்கத்தில் இருந்த சிநேகிதர் மட்டும் சிரிக்கவும் இல்லை, முணுமுணுக்கவும் இல்லை. "ஏன் சார், ஏலத்தில் வாங்கின ஆட்களை வைத்து ஜெயித்தால் அது யாருடைய ஜெயம்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய தம்பி மகன், வயது பதினைந்து, இடது கையால் பந்து வீசுகிறவன். தகப்பனில்லாத அந்தப் பிள்ளையை வளர்த்து, பந்து பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் இவர்தான். பெங்களூர்க் கிளப் ஒன்று அவனைக் கூப்பிட்டிருந்தது. தங்க இடம், படிப்பு எல்லாம் அவர்கள் செலவு. அனுப்பினால், அவர் கட்டிய சின்னக் கோஷ்டி கலைந்துவிடும். 'வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது' என்ற பழமொழி அன்று அவருக்குத் தூக்கம் வராமல் செய்துகொண்டிருந்தது.

இந்தக் கேள்வி புதியதல்ல. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தில் நூறு வருஷத்துக்கு முன்பே எழுந்தது. செயின்ட் லூயிஸ் நகரத்துக் கோஷ்டியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி என்பவர் கையில் பணமில்லாதவர். நல்ல ஆட்டக்காரனைக் கண்டுபிடித்தால், பணக்காரக் கோஷ்டி அதிக விலை கொடுத்துக் கொண்டுபோய்விடும். அவர் யோசித்தார். சந்தையில் காளை வாங்க முடியாதவன் கன்று வளர்க்கத்தானே வேண்டும்? சிற்றூர்க் கோஷ்டிகளை ஒவ்வொன்றாக வாங்கி, பையன்களை அங்கே பழக்கினார். 1926, 1931, 1934 ஆகிய மூன்று வருஷங்களிலும் அவர் கோஷ்டியே தேசத்தின் பெரும் பட்டத்தை வென்றது.

ஆனால் இந்தக் கதைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அந்நாளில், ஒரு கோஷ்டியில் கையெழுத்திட்ட ஆட்டக்காரன் அந்தக் கோஷ்டி விட்டாலொழிய வேறு இடம் போக முடியாது. வளர்த்தவனுக்கு அது பாசம். வளர்ந்தவனுக்கு அது விலங்கு. 1975 டிசம்பரில் ஒரு மத்தியஸ்தரின் தீர்ப்பு அந்த விலங்கை உடைத்தது. அதற்குப் பின்தான் ஆட்டக்காரன் தன் விலையைத் தானே பேசும் காலம் பிறந்தது. விலை பேசுவதை இழிவு என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். விலை பேசும் உரிமை இல்லாதவனிடம் போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் ஏலம் 2008-இல் வந்தது. அந்த ஏலத்தில் மிகக் குறைவாகச் செலவழித்த ராஜஸ்தான் கோஷ்டிதான், ஷேன் வார்ன் தலைமையில், முதல் வருஷமே கோப்பையை வென்றது. 2024 நவம்பரில் லக்னோ கோஷ்டி ரிஷப் பந்துக்கு 27 கோடி கொடுத்தது. அதுவரை ஏலத்தில் எவருக்கும் கிடைக்காத விலை. அடுத்த பருவத்தில் அது பத்துக் கோஷ்டிகளில் ஏழாவதாக வந்தது. பணத்தால் ஆளை வாங்கலாம். ஆட்களுக்கு நடுவில் இருக்க வேண்டிய ஒட்டுதலை வாங்க முடியாது.

அதற்காகப் பெங்களூரை வாங்கிய கோஷ்டி என்று தள்ளிவிடலாமா? விராட் கோஹ்லி டில்லிப் பையன்தான். ஆனால் பத்தொன்பது வயதில் அந்தக் கோஷ்டிக்கு வந்தவர், 2009, 2011, 2016 ஆகிய வருஷங்களில் கடைசிப் பந்தயம் வரை போய்த் தோற்றும், அதை விட்டு நகரவில்லை. பதினெட்டு வருஷம் கூட இருந்தவனை வந்தவன் என்பதா, வளர்ந்தவன் என்பதா?

"சரி சார், உங்கள் கதை இருக்கட்டும். என் கதையைக் கேளுங்கள்" என்றார் சிநேகிதர்.

டாட்டாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் டைட்டன் கம்பெனியைத் தொடங்கி, ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலை கட்டின. நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் பெங்களூரில் எச்.எம்.டி. தொழிற்சாலை 1961 முதல் கடிகாரம் செய்துகொண்டிருந்தது. வேலை தெரிந்தவர்களை அங்கிருந்தே இழுத்துக்கொள்வதோடு நிறுத்தியிருக்கலாம். அனுபவசாலிகள் சிலர் அங்கிருந்து வரத்தான் செய்தார்கள். ஆனால் கடிகாரம் கோக்கும் வேலைக்கு, கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்த பையன்களையும் பெண்களையும் எடுத்துப் பழக்கினார்கள்.

"அந்தப் பையன்களில் நானும் ஒருவன். வரும்போது என் கையில் கடிகாரமே கிடையாது. பெரியவர் ஒருவர் என் விரலைப் பிடித்து இடுக்கியைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்."

அவர் பேசப் பேச எனக்கு ராஜஸ்தான் ஞாபகம் வந்தது, ஐ.பி.எல். அல்ல, ரஞ்சிக் கோஷ்டி. கடைநிலைப் பிரிவில் கிடந்த அந்தக் கோஷ்டி, மகாராஷ்டிரத்து கனிட்கரையும் டில்லி ஆகாஷ் சோப்ராவையும் வரவழைத்தது. 2010-இல் ஹைதராபாத்தை 21 ஓட்டங்களில் சுருட்டியது. பத்து ஓட்டம் கொடுத்து எட்டு விக்கெட் வீழ்த்தியவன், உள்ளூர்ப் பையன் தீபக் சாஹர். முதல் பந்தயம், வயது பதினெட்டு. தொடர்ந்து இரண்டு வருஷம் ரஞ்சிக் கோப்பை அவர்களுக்கே. வந்த பெரியவர்கள் தூணாக நின்றார்கள். வீட்டுக் கன்றுகள் அந்த நிழலில் வளர்ந்தன.

"அப்படியானால் பையனை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டி நடராஜனைப் பற்றிச் சொன்னார். முதல் ரஞ்சிப் பந்தயத்திலேயே பந்து வீசும் முறை சரியில்லை என்று புகார் வந்து, வீச்சையே மாற்றிக் கற்றவர். 2017-இல் பஞ்சாப் மூன்று கோடிக்கு வாங்கியது. மறு வருஷம் நாற்பது லட்சத்துக்கு ஹைதராபாத் போனார். இரண்டு பருவம் ஒரு பந்தயமும் ஆடாமல் காத்திருந்து, 2020-இல் எழுந்தார். ஆஸ்திரேலியாவில் ஒரே பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடினார். பிறகு சொந்த ஊரில் மைதானம் கட்டினார்.

"ஊரை விட்டுப் போகாவிட்டால் அந்த மைதானம் ஏது சார்? பையன் போகட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து சின்னப் பசங்களுக்குப் பந்து போட வேண்டும். என் விரலைப் பிடித்தவர் கேட்காத கூலியை நான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்."

தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தார். வெளியே வெடிச் சத்தம் ஓயவில்லை.