தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஊக்கமருந்து சோதனைத் தகராறுகள்

தொழில்முறைக் குத்துச்சண்டையில் யாரை, எப்போது, யார் சோதிப்பது, வந்த முடிவை எதிராளியிடம் சொல்ல வேண்டுமா என்பவை கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தீராத வழக்காக இருந்துவருகின்றன. எந்த மருந்துக்குத் தடை என்பதில் சச்சரவு எழுவது அபூர்வம். சோதனைக்குக் காசு கொடுப்பவர் யார், சண்டையை நிறுத்தும் உரிமை யாருடையது என்பதில்தான் எல்லாத் தகராறும் வந்து முட்டுகிறது.

தடகளத்துக்கும் நீச்சலுக்கும் உலகம் முழுவதற்கும் தலா ஒரு சம்மேளனம் உண்டு. தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு அப்படி ஒரு தலைமை கிடையாது. உலகப் பட்டம் வழங்கும் பெரிய அமைப்புகளே நான்கு: உலக குத்துச்சண்டைச் சங்கம், உலக குத்துச்சண்டைக் கவுன்சில், சர்வதேச குத்துச்சண்டைக் கூட்டமைப்பு, உலக குத்துச்சண்டை அமைப்பு. அமெரிக்காவில் சண்டைக்கு உரிமம் கொடுப்பது அந்தந்த மாநில ஆணையம். பிரிட்டனில் கட்டுப்பாட்டு வாரியம். 1996இல் வந்த அமெரிக்கச் சட்டம், மருந்துச் சோதனையில் தோற்றவரை ஒரு மாநிலம் தடை செய்தால் மற்ற மாநிலங்களும் அதை மதிக்க வேண்டும் என்றது. பயிற்சிக் காலத்தில் திடீர்ச் சோதனை நடத்த வேண்டும் என்று அந்தச் சட்டமும் சொல்லவில்லை, 2000இல் முகமது அலியின் பெயரில் வந்த திருத்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தை ஒப்பந்தங்கள் நிரப்பின. ஒப்பந்தம் என்றால் பேரம். பேரம் என்றால் பலமுள்ளவன் சொல்வதுதான் நடக்கும்.

சண்டை இரவின் சிறுநீர்

நீண்ட காலம் சோதனை என்பது சண்டை நாளன்று வாங்கும் ஒரு குப்பி சிறுநீர்தான். அதிலும் சிலர் சிக்கினார்கள். 1995 டிசம்பரில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஆக்சல் ஷுல்ஸை வென்று ஹெவிவெயிட் பட்டம் பெற்ற தென்னாப்பிரிக்கர் பிரான்ஸ்வா போத்தா, ஸ்டீராய்டு கண்டறியப்பட்டதால் பட்டத்தை இழந்தார். 2002 செப்டம்பரில் ஆஸ்கர் டி லா ஹோயாவிடம் 11ஆம் சுற்றில் வீழ்ந்த பெர்னாண்டோ வர்காஸின் சிறுநீரில் ஸ்டானோசோலோல் என்ற ஸ்டீராய்டு இருந்தது. அவருக்கு 9 மாதத் தடை, 1,00,000 டாலர் அபராதம். 2005 ஏப்ரலில் நியூயார்க்கில் ஜான் ரூயிஸை வென்ற ஜேம்ஸ் டோனியின் மாதிரியில் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. முடிவு செல்லாது என்று அறிவிக்கப்பட, பட்டம் ரூயிஸுக்கே திரும்பியது. டோனிக்கு விதித்த தடை 90 நாள்தான். ஹெவிவெயிட் வீரர்கள் சண்டைக்குச் சண்டை எடுத்துக்கொள்ளும் ஓய்வே அதைவிட அதிகம்.

சிக்காதவர்களின் கதை இதைவிட முக்கியமானது. 2003 செப்டம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில் டி லா ஹோயாவை மூன்று நடுவர்களின் அட்டையிலும் 115-113 என்று வென்ற ஷேன் மோஸ்லி, சண்டைக்குப் பிந்தைய சோதனையில் தேறினார். அதே ஆண்டு டிசம்பரில் கலிபோர்னியாவின் பால்கோ நிறுவன வழக்கில் சாட்சி சொன்னபோது உண்மையை ஒப்புக்கொண்டார். அந்த நிறுவனத்தின் விக்டர் கான்டே கொடுத்த திரவம், பூச்சுக் களிம்பு, இ.பி.ஓ. ஊசி ஆகியவற்றை அவர் எடுத்திருந்தார். சட்டப்படியான சத்துப் பொருள்கள் என்று நம்பியே எடுத்ததாகச் சொன்னார். இ.பி.ஓ. சிவப்பணுக்களைப் பெருக்கும் ஹார்மோன். மற்றவர் மூச்சு வாங்கும் 10ஆம், 11ஆம் சுற்றுகளிலும் கை தளராமல் குத்த உதவும். உடலில் அதன் தடயம் சில நாள்களே தங்கும். சண்டை இரவில் வாங்கும் சிறுநீரை நம்பி அதைப் பிடிக்க முடியாது. அந்தச் சண்டையின் முடிவு இன்றுவரை மாற்றப்படவில்லை. பதிவேட்டில் மோஸ்லி வென்றவர். குத்துகளை வாங்கிய டி லா ஹோயா தோற்றவர்.

ரத்தத்தின் மேல் நடந்த பேரம்

2009 டிசம்பரில் ஃபிளாய்ட் மேவெதரும் மேனி பாக்கியாவும் மோதுவது ஏறக்குறைய முடிவாகியிருந்தது. தேதி 2010 மார்ச் 13. பணத்தைச் சரிபாதியாகப் பிரிப்பதிலும் உடன்பாடு. அப்போது மேவெதர் தரப்பு ஒரு நிபந்தனை வைத்தது: அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு முகமை இருவரையும் ஒலிம்பிக் முறையில், முன்னறிவிப்பின்றி, ரத்தமும் சிறுநீரும் எடுத்துச் சோதிக்க வேண்டும். சண்டைக்கு நெருக்கத்தில் ரத்தம் எடுத்தால் உடல் சோர்ந்துவிடும் என்றது பாக்கியாவ் தரப்பு. 2005இல் எரிக் மொராலெஸிடம் தோற்றதற்கே அதுவும் ஒரு காரணம் என்று நினைவூட்டியது. ஓய்வுபெற்ற நீதிபதி டேனியல் வைன்ஸ்டைன் சமரசம் பேசினார். கடைசி ரத்த மாதிரி சண்டைக்கு 24 நாள் முன்பு என்றார் பாக்கியாவ். 14 நாள் என்றார் மேவெதர். இடையில் நின்ற அந்தப் பத்து நாளில் சண்டை கலைந்தது.

இருவரையும் ஒரே நியாயத் தராசில் வைக்க முடியாது. கேட்டது நல்ல சோதனை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் விளையாட்டின் விதியாக இருக்க வேண்டியதை ஒரு போட்டியாளர் இன்னொருவருக்கு நிபந்தனையாக வைத்தபோது, மறுத்தவர் மீது ஆதாரமே இல்லாமல் குற்றச்சாட்டு படிந்தது. பாக்கியாவ் எந்தச் சோதனையிலும் ஊக்கமருந்துக்காகச் சிக்கியவர் அல்லர். மேவெதர் குடும்பத்தார் மீது அவர் போட்ட அவதூறு வழக்கு 2012இல் சமரசத்தில் முடிந்தது. மேவெதரோ 2010 மே 1 அன்று அதே சோதனைக்கு உட்பட்டு மோஸ்லியுடன் மோதி வென்றார்.

ஐந்தாண்டு தாமதித்து, 2015 மே 2 அன்று லாஸ் வேகாஸில் அந்தச் சண்டை நடந்தது. அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் வீடுகள் காசு கட்டிப் பார்த்தன. அதற்கு முந்தைய நாள் எடை பார்த்தபின் மேவெதரின் வீட்டில் நடந்தது செப்டம்பரில்தான் வெளியே தெரிந்தது. நரம்பு வழியாக அவருக்கு இரண்டு கலவைகள் ஏற்றப்பட்டிருந்தன: ஒன்று 250 மில்லி உப்புநீரும் பலவகை வைட்டமின்களும், மற்றது 500 மில்லி உப்புநீரும் வைட்டமின் சி-யும். ஏற்றிய பொருள்களுக்குத் தடை இல்லை; அளவுக்குத் தடை இருந்தது. ஆறு மணி நேரத்தில் 50 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றக் கூடாது என்பது உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் அன்றைய விதி. அதிகத் திரவம் ஏறினால் ரத்தமும் சிறுநீரும் நீர்த்துப்போய் வேறு பொருளின் தடயம் மறையலாம் என்பதே அந்த விதியின் காரணம். மருத்துவ விலக்கு கேட்டு மேவெதர் விண்ணப்பித்ததே சண்டை முடிந்த பிறகுதான். அதற்கு அமெரிக்க முகமையின் ஒப்புதலும் கிடைத்தது. அதன் பிறகே நெவாடா ஆணையத்துக்கும் பாக்கியாவுக்கும் தகவல் போனது.

இதை வெளிக்கொண்டுவந்தவர் குத்துச்சண்டை எழுத்தாளர் தாமஸ் ஹவுசர். மேவெதர் முன்கூட்டியே தெரிவித்தார், நெவாடா விதிப்படி விலக்கே தேவையில்லை என்று அமெரிக்க முகமை பதிலளித்தது. அப்படி விலக்கு கொடுக்கும் அதிகாரம் முகமைக்கு இல்லை என்று நெவாடா ஆணையத்தின் தலைமை அதிகாரி சொன்னார். சண்டை இரவில் தோள்காயத்துக்கு வலிநீக்கி ஊசி போட்டுக்கொள்ள பாக்கியாவ் அனுமதி கேட்டதையும், அதே ஆணையம் மறுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவர் தரப்பின் மனக்கசப்பு விளங்கும்.

தன்னார்வச் சோதனை

நெவாடாவில் பல்லாண்டு வளையத்தோர மருத்துவராக இருந்த மார்கரெட் குட்மேன் 2011இல் தன்னார்வ ஊக்கமருந்து தடுப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பயிற்சி நாள்களில் விடியற்காலையில் கதவு தட்டப்படும். வந்தவர் நீட்டும் முத்திரையிட்ட பெட்டிகளில் ஒன்றை வீரரே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் நேரில் பார்த்துக்கொண்டிருக்கச் சிறுநீர் கழித்து, அதைத் தன் கையாலேயே ஏ, பி என்ற இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி மூட வேண்டும். மூடி ஒருமுறை பற்களில் விழுந்து இறுகிவிட்டால், ஆய்வகத்தில் உடைத்துத்தான் திறக்க முடியும். ஏ-யில் மருந்து தென்பட்டால் பி-யைத் திறக்கச் சொல்லும் உரிமை வீரருக்கு உண்டு.

2012 மே மாதமே இதன் வலிமை தெரிந்தது. அமீர் கானுடன் மறுமோதலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த லாமோன்ட் பீட்டர்சனின் மாதிரியில் செயற்கை டெஸ்டோஸ்டிரோன் இருந்தது; சண்டை ரத்தானது. முந்தைய ஆண்டு நவம்பரில், முதல் சண்டைக்குச் சில வாரம் முன்பு, மருத்துவக் காரணத்துக்காக டெஸ்டோஸ்டிரோன் வில்லைகளைத் தோலுக்கடியில் பதித்துக்கொண்டதாக அவர் ஒப்புக்கொண்டார். உலக குத்துச்சண்டைச் சங்கம் பட்டத்தைப் பறித்தது. சர்வதேசக் கூட்டமைப்பு அவரிடமே விட்டுவைத்தது. ஒரே உடல், ஒரே மருந்து, இரண்டு தீர்ப்பு.

அதே ஆண்டு அக்டோபரில், எரிக் மொராலெஸின் மாதிரிகளில் தடை செய்யப்பட்ட கிளென்புட்டெரோல் தென்பட்டது தெரிந்தும், டேனி கார்சியாவுடனான அவருடைய சண்டை புரூக்ளினில் நடந்தது. நியூயார்க் ஆணையம் தடுக்கவில்லை. கார்சியா 4ஆம் சுற்றில் மொராலெஸை வீழ்த்திவிட்டதால் கேள்வி அமுங்கியது. வீழ்ந்தவர் கார்சியாவாக இருந்திருந்தால்?

மாட்டிறைச்சி, காட்டுப்பன்றி

மெக்சிகோவில் மாடுகளைக் கொழுப்பின்றி வளர்க்கக் கிளென்புட்டெரோலைச் சட்டவிரோதமாகக் கொடுப்பது உண்டு. 2011இல் அங்கே நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்தில் சோதித்த 208 மாதிரிகளில் 109இல் அது இருந்தது. ஆகவே 2018 பிப்ரவரியில் மெக்சிகோ வீரர் கனெலோ அல்வாரெஸ் இருமுறை சிக்கியபோது இறைச்சிதான் காரணம் என்றதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியவில்லை. ஆய்வக இயக்குநரும் அளவுகள் அதற்குப் பொருந்துகின்றன என்றார். நெவாடா ஆணையம் 6 மாதம் தடை விதித்தது. மே 5 அன்று நடக்கவிருந்த கென்னடி கொலோவ்கினுடனான சண்டை ரத்தாகி, செப்டம்பர் 15க்குத் தள்ளிப்போனது. முதல் தேதி மெக்சிகோவின் மே 5 கொண்டாட்டம். இரண்டாவது அந்நாட்டு விடுதலை நாளின் வார இறுதி. பெருஞ்சண்டைகளுக்கு வழக்கமான அந்த இரண்டு நாள்களுக்கு இடையே தடை கச்சிதமாக முடிந்துவிட்டது.

பிரிட்டனின் டைசன் ப்யூரியிடம் 2015 பிப்ரவரியில் எடுத்த மாதிரியில் நான்ட்ரோலோன் தடயம் இருந்தது. குற்றச்சாட்டு வந்ததோ 2016 ஜூனில். இடைப்பட்ட நவம்பரில் அவர் விளாடிமிர் கிளிட்ச்கோவை வென்று உலக சாம்பியன் ஆகியிருந்தார். காயடிக்காத காட்டுப்பன்றியின் இறைச்சியைச் சாப்பிட்டதாகச் சொன்னார். 2017 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது: 2015 டிசம்பர் 13இலிருந்து கணக்கிட்ட இரண்டாண்டுத் தடை. அறிவித்த மறுநாளே தடைக்காலம் தீர்ந்தது.

முடிவு யாருக்குத் தெரியும்?

2019 ஜூலை 20 அன்று லண்டனில் டில்லியன் வைட்டும் கொலம்பியாவின் ஆஸ்கர் ரிவாஸும் மோதினார்கள். வைட்டின் மாதிரியில் தடை செய்யப்பட்ட பொருள் தென்பட்டிருப்பதாக மூன்று நாள் முன்பே அவருக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது. சண்டை நாளன்று சுயேச்சைக் குழு விசாரித்து அவரை ஆட அனுமதித்தது. இவ்வளவும் நடந்தது ரிவாஸுக்குத் தெரியாது. பன்னிரண்டு சுற்று ஆடித் தோற்ற பிறகு, செய்தி கசிந்தபோதுதான் தெரிந்துகொண்டார். அந்த டிசம்பரில் வைட் மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. மிகக் குறைந்த அந்த அளவு கலப்படத்தால் வந்திருக்கலாம் என்று முடிவானது. வைட்டின் நற்பெயரைக் காக்க ரகசியம் தேவை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் எதிரே நிற்பவன் தன் தலையைப் பணயம் வைக்கிறான். என்ன தெரிந்தபின் கோதாவில் ஏறுவது என்று தீர்மானிக்கும் உரிமை அவனுக்கும் வேண்டும். இந்த வரலாறு முழுவதிலும் அதிகம் புறக்கணிக்கப்பட்டவர் அந்த இரண்டாவது மனிதர்தான்.

2022 அக்டோபர் 8க்குக் குறித்திருந்த கானர் பென்–கிறிஸ் யூபாங்க் ஜூனியர் சண்டையில் இதே கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது. 1990களில் இருமுறை மோதிய தந்தையரின் மகன்கள் இவர்கள். தன்னார்வச் சங்கம் எடுத்த பென்னின் மாதிரியில் தடை செய்யப்பட்ட குளோமிஃபீன் இருந்ததைச் சண்டைக்கு மூன்று நாள் முன்பு ஒரு நாளிதழ் வெளியிட்டது. வாரியம் சண்டையைத் தடுத்தது, பென் இன்னும் தடை செய்யப்படவில்லை என்று ஏற்பாட்டாளர்கள் வாதாடினார்கள், மறுநாள் கைவிட்டார்கள். பென் அதிக அளவில் முட்டை சாப்பிட்டது காரணமாக இருக்கலாம் என்று 2023இல் உலக கவுன்சில் சொன்னதை பென்னே ஏற்கவில்லை. 2024 நவம்பரில் பிரிட்டனின் தேசிய ஊக்கமருந்து தடுப்புத் தீர்ப்பாயம், குற்றம் போதிய அளவு நிரூபிக்கப்படவில்லை என்றது. 2025இல் இருவரும் இருமுறை மோதினார்கள். ஏப்ரலில் யூபாங்க் வென்றார், நவம்பரில் பென்.

முடிவு வந்துசேரும் வேகமும் ஒரு சிக்கல். 2024 ஏப்ரல் 20 அன்று ரயன் கார்சியா, அதுவரை தோற்காத டெவின் ஹேனியை மூன்று முறை தரையில் சாய்த்து வென்றார். சண்டைக்கு முந்தைய நாளும் சண்டை நாளும் எடுத்த அவருடைய மாதிரிகளில் தடை செய்யப்பட்ட ஆஸ்டரின் இருந்தது தெரிந்தது மே மாதம் பிறந்தபின். சத்துப்பொருளில் கலந்திருந்தது என்றார் கார்சியா. நியூயார்க் ஆணையம் ஓராண்டுத் தடை விதித்து, சண்டை முடிவைச் செல்லாது என்று மாற்றியது. பதிவேட்டில் ஹேனியின் தோல்வி அழிந்தது. மூன்று முறை விழவைத்த குத்துகளை ஹேனியின் தலை வாங்கியது வாங்கியதுதான்.

2016 முதல் உலக கவுன்சில் ஒவ்வொரு எடைப் பிரிவிலும் முதல் 15 இடங்களில் உள்ளவர்களைத் தன்னார்வச் சங்கத்தின் சோதனைத் திட்டத்தில் சேர்த்துவருகிறது. அதற்கு வெளியே, பெருஞ்சண்டைகளில் ஏற்பாட்டாளர்கள் பணம் கட்டினால் திடீர்ச் சோதனை நடக்கும். அதே அட்டவணையில் மாலை ஐந்து மணிக்கு, அரங்கில் பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும்போது நான்கு சுற்று ஆட ஏறும் பையனின் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. அவனுடைய எதிராளியின் கதவையும்தான்.