‘மஹ்ரம்’ என்னும் சொல்லும் ஹஜ்ஜுக்கு ஆயத்தமாகும் தமிழ்ப் பெண்களும்

1. முன்னுரை

தில்லியில் யமுனைக்குக் கிழக்கே அமைந்த மயூர் விஹாரிலிருந்து நிஜாமுதீன் பாலத்தைக் கடந்து மேற்கே சென்றால் ஹுமாயூன் கல்லறையைக் காணலாம். அதனை எழுப்பியவர் ஹுமாயூனின் மனைவியருள் ஒருவரான பேகா பேகம். 1560-களில் மக்கா சென்று திரும்பிய இவரை வரலாற்று நூல்கள் ‘ஹாஜி பேகம்’ என்றே பெரிதும் குறிக்கின்றன. ‘ஹாஜி’ என்பது அரபு மொழியில் ஆண்பாற் சொல். பெண்பாலுக்கு உரியது ‘ஹாஜ்ஜா’. பால் வேறுபாடு அறியாத பாரசீக மொழியின் வழியாக வந்தமையால் ஆண்பாற் பட்டமே ஒரு பெண்ணின் பெயராக நிலைத்துவிட்டது.

பாபரின் மகள் குல்பதன் பேகம் 1575–76 அளவில் புறப்பட்டு 1582-இல் திரும்பினார். அவர் பாரசீகத்தில் எழுதிய ஹுமாயூன் நாமாவின் கிடைத்துள்ள படி அப்பயணத்தை எட்டுமுன்னரே முற்றுப்பெறாமல் நின்றுவிடுகிறது. போபால் அரசி சிகந்தர் பேகம் 1863–64-இல் மேற்கொண்ட பயணத்தை உருதுவில் எழுதினார். அவர் 1868-இல் மறைந்த பின்னர், 1870-இல் அது ஆங்கில மொழிபெயர்ப்பாகவே அச்சேறியது. அரசகுலத்துப் பெண்களின் பயணங்களே இவ்வாறு பட்டமாகவும் குறைப்படியாகவும் மொழிபெயர்ப்பாகவும் நம்மை வந்தடைந்துள்ளன. தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் இப்பயணத்திற்கு எவ்வாறு ஆயத்தமாயினர் என்பதற்கோ, அவர்கள் வழங்கிய சொற்களே முதன்மைச் சான்றுகளாக உள்ளன.

அச்சொற்களின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. வழிபாட்டுச் செயல்களுக்கு மரபு வழங்கிய தமிழ்ச் சொற்கள் எந்த அளவு பொருந்துகின்றன, பயண விதியைச் சுட்டும் ‘மஹ்ரம்’ என்னும் சொல்லைத் தமிழாக்கும்பொழுது எது இழக்கப்படுகிறது என்னும் இரு வினாக்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இரண்டாம் வினா சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. ஒரு பெண் பயணம் புறப்படுவதும் புறப்படாது நிற்பதும் அதன் விடையைப் பொறுத்துள்ளன.

2. கடல்வழி வந்த அரபுச் சொற்கள்

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் கட்டாயக் கடமை ‘பர்ளு’ எனவும், தொழுகைக்கு முன்னைய தூய்மை ‘உளூ’ எனவும், மாதவிடாய் ‘ஹைளு’ எனவும் வழங்குகின்றன. வடநாட்டு உருதுவில் இம்மூன்றிலும் ளகரம் நிற்கும் இடத்தில் ஒலிப்புடைய உரசொலி வருகிறது. ‘ஃபர்ஸ்’, ‘வுஸூ’, ‘ஹைஸ்’ எனத் தமிழெழுத்தில் அதனை ஓரளவே காட்ட இயலும். மூலத்தில் இவ்விடங்களில் நிற்பது ‘ளாத்’ என்னும் எழுத்தாகும். 8-ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் சீபவைஹி இதனை மருங்கொலியாகவே விளக்குகிறார். மலாய் மொழியில் ‘தேவை’ எனப் பொருள்படும் ‘பெர்லு’ இதே ‘பர்ளு’தான். ஸ்பானிய மொழியில் நகரத் தலைவரைக் குறிக்கும் ‘அல்கால்தே’ என்பதிலுள்ள லகரமும் இவ்வெழுத்தின் சுவடே. பாரசீகத்தைத் தொடாமல் அரபுக் கடல் வணிகத்தின் வழியே நேரே வந்த சொற்கள் இவை என்பதற்குத் தமிழின் ளகரம் சான்றாகிறது.

இச்சொற்களைக் காத்ததில் அரபுத்தமிழுக்கும் அதனைப் பயின்ற பெண்களுக்கும் பெரும்பங்கு உண்டு. அரபு எழுத்தோடு தமிழொலிகளுக்குரிய சில குறியீடுகளைச் சேர்த்துத் தமிழை எழுதும் இம்முறையில் சட்டநூல்களும் பாடல்களும் பெருகின. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இயற்றிய மகானீ, ஃபத்ஹுத் தய்யான் ஆகியவை வழிபாட்டுச் சட்டத்தை அரபுத்தமிழில் விளக்குவன. குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்தைக் கற்ற சிறுமி, அவ்வெழுத்தைக் கொண்டே தன் தாய்மொழியில் சட்டத்தையும் பயில முடிந்தது. கீழக்கரை ஆசியா உம்மாள் (1868–1948) போன்ற பெண் கவிஞர் தோன்றியதும் இச்சூழலிலேயாம்.

3. செயல்களுக்குரிய தமிழ்ச் சொற்கள்

‘தொழுகை’, ‘நோன்பு’, ‘பள்ளிவாசல்’, ‘பெருநாள்’ என அடிப்படைக் கருத்துகளுக்குத் தமிழ்ச் சொற்களையே ஏற்றுக்கொண்ட மரபு, ஹஜ்ஜின் செயல்களுக்கும் அவ்வாறே பெயரிட முயன்றது. அவற்றுள் மூன்று சொற்கள் மொழிபெயர்ப்பாளர் கருதிப் பார்க்கத்தக்கவை.

முதலாவது, ‘வலம் வருதல்’. கஃபாவை ஏழுமுறை சுற்றும் ‘தவாஃப்’ பெரும்பாலும் இவ்வாறே தமிழாக்கப்படுகிறது. சுற்றப்படும் பொருள் வலக்கைப்புறம் இருக்கச் சுற்றுவதே தமிழில் வலம் வருதல். தவாஃபில் கஃபா இடக்கைப்புறம் இருத்தல் வேண்டும். அது வலக்கைப்புறம் அமைந்தால் அச்சுற்று நிறைவேறாது. சொல்லுக்கும் செயலுக்கும் திசையே மாறுபடுகிறது. ‘சுற்றுதல்’ என்னும் எளிய சொல்லே இங்குப் பிழையற்றது.

இரண்டாவது, ‘தொங்கோட்டம்’. ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே நடைபெறும் ‘ஸஃயு’ என்பதற்கு வழங்கும் அழகிய தமிழ்ப் பெயர் இது. மெல்லோட்டம் என்பது அதன் பொருள். ஆயின் பச்சை அடையாளங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் விரைந்தோடுவது ஆண்களுக்கே உரியது. பெண்கள் முழுத் தொலைவையும் நடந்தே கடப்பர். குழந்தைக்கு நீர் தேடி ஓடிய ஹாஜர் அம்மையாரின் நினைவாக அமைந்த செயலுக்குத் தமிழ் இட்ட பெயர், இன்று ஆண்களின் செயலையே முழுமையாகச் சுட்டுகிறது என்பது நோக்கத்தக்கது.

மூன்றாவது, ‘தொடக்கு’. உளூ இல்லாத நிலை ‘சிறுதொடக்கு’. குளிப்பு கடமையாகும் நிலை ‘பெருந்தொடக்கு’. ஈழத்தமிழில் ‘துடக்கு’ என்று வழங்குவதும் இதன் வடிவமே. பிற்கால நூல்கள் சிலவற்றில் இதனிடத்தில் ‘தீட்டு’ என்பது புகுந்துள்ளது. தீட்டு தொடுதலால் பரவுவது; தீட்டுடையவரை ஒதுக்கி வைப்பது. ஹைளு அவ்வாறன்று. அந்நிலையிலும் பெண் இஹ்ராம் பூணலாம், அரஃபாத்தில் தங்கலாம், கல்லெறியலாம், இறைஞ்சலாம். தவாஃபை மட்டும் தூய்மையடையும்வரை தள்ளிவைக்க வேண்டும். விடைபெறும் தவாஃபோ அவளுக்கு விலக்களிக்கப்பட்டது. ‘தீட்டு’ என்று படித்த பெண், நாள் கணக்குத் தவறிவிட்டால் ஹஜ்ஜே கெட்டுவிடும் என அஞ்சக்கூடும். பெண்களின் ஆயத்தத்தில் இந்நாட்கணக்கே பெருங்கவலையாக இருத்தலின், சொல்தேர்வு இங்குச் சிறு செய்தியன்று.

4. மஹ்ரமும் தமிழ் உறவுமுறையும்

கடன் தீர்த்தல், உற்றாரிடம் பிழை பொறுக்குமாறு வேண்டுதல், வீடுதோறும் சென்று பயணம் சொல்லுதல் ஆகியவை இருபாலார்க்கும் பொதுவான ஆயத்தங்கள். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் ‘இத்தா’ முடியுமுன் புறப்படலாகாது என்பதும், உடன் செல்ல மஹ்ரம் வேண்டும் என்பதும் பெண்ணுக்கே உரியவை.

‘மஹ்ரம்’ என்பது தடை, புனிதம் என்னும் பொருள்களையுடைய ஹா–ரா–மீம் வேரினின்று பிறந்தது. இஹ்ராம், ஹராம், ஹரம் என்பனவும் அவ்வேரினவே. ஒருவருக்கு என்றென்றும் மணத்தடையுள்ள உறவினரே அவருக்கு மஹ்ரம். இது இருவழி உறவு: தாய்க்கு மகன் மஹ்ரம், மகனுக்குத் தாயும் மஹ்ரம். ஆகவே ‘ஆண் துணை’, ‘ஆண் காப்பாளர்’ என்னும் வழக்கமான மொழிபெயர்ப்புகள், பயணத்தில் அவ்வுறவினர் செய்யும் வேலையைக் கூறுகின்றனவேயன்றி அவர் யார் என்பதைக் கூறவில்லை.

தமிழில் மண உறவை வரையறுக்கும் சொல் ‘முறை’. முறைமாப்பிள்ளை, முறைப்பெண் என்பவை மணக்கத் தக்கவரைச் சுட்டுவன. மஹ்ரம் மணக்கத் தகாதவரைச் சுட்டுவது. எனவே முறையற்றவரே மஹ்ரம் என்று எளிதாக முடிவுகட்டத் தோன்றும். அம்முடிவு மூன்று இடங்களில் தவறுகிறது.

அ) தந்தையின் தமையன், தம்பி மகனும் தாயின் தமக்கை, தங்கை மகனும் தமிழில் அண்ணன், தம்பியர். கடற்கரை ஊர்களில் இவர்களுள் மூத்தவர் ‘காக்கா’. தமிழ் உறவுமுறையில் இவர்கள் மணத்தகாதவர். இசுலாமியச் சட்டத்திலோ மணக்கத் தக்கவர். ஆதலின் மஹ்ரம் அல்லர்.

ஆ) தாய்மாமன் தமிழகத்துப் பல சமூகங்களில் மணமுறையுடையவர். இசுலாமியச் சட்டத்தில் அவர் ஐயமற மஹ்ரம்.

இ) ஒரு பெண்ணுக்கு மகளின் கணவர் மருமகன், உடன்பிறந்தான் மகன் மருமகன், கணவனுடன் பிறந்தாள் மகனும் மருமகன். முதலிருவரும் மஹ்ரம், மூன்றாமவர் அல்லர். ஒரே சொல் தடையுடையவரையும் தடையற்றவரையும் ஒருங்கே தழுவுகிறது.

இவற்றோடு, ஒரே தாயிடம் பாலுண்டவரும் மஹ்ரம் ஆவர் என்னும் விதிக்குத் தமிழ் உறவுமுறையில் இணையான வகைப்பாடு இல்லை. ‘உம்மோடு வருபவர் யார்?’ என்னும் வினாவுக்கு ஒரு தாய் ‘என் காக்கா’ என்றோ ‘மருமகன்’ என்றோ தமிழில் முற்றும் உண்மையான விடையைக் கூறியும், சட்டத்தின் நோக்கில் அவ்விடை தவறாகிவிடலாம்.

5. விண்ணப்பத்தின் மொழி

ஹஜ் பயண ஏற்பாடுகளை அரசு 1932-ஆம் ஆண்டின் துறைமுக ஹஜ் குழுச் சட்டத்தாலும், பின்னர் 1959, 2002 ஆண்டுகளின் ஹஜ் குழுச் சட்டங்களாலும் முறைப்படுத்தியது. மும்பையிலிருந்து சென்ற கப்பல் பயணம் 1995-ஆம் ஆண்டோடு முடிவுற்றது. பயணம் வானூர்திக்கு மாறிய காலத்தில் அதன் மொழியும் விண்ணப்பப் படிவத்தின் மொழியாயிற்று. சேர்ந்து விண்ணப்பிக்கும் குடும்பம் ஒரு ‘கவர்’. அதன் தலைவர் ‘கவர் ஹெட்’. ‘மஹ்ரம்’ என்பதும் அரசு ஆவணங்களில் ‘மெஹ்ரம்’ ஆனது. ஹகரத்திற்கு முன்னுள்ள அகரம் எகரமாவது உருது ஒலிப்பு. தமிழ் நாளிதழ்களில் ‘மெஹ்ரம்’ எனக் காணும்பொழுது அச்சொல் கீழக்கரை வழியாக வராமல் தில்லி வழியாக வந்தது என்று துணியலாம்.

சட்ட வேறுபாடு ஒன்றும் இங்குக் கருதற்பாலது. ஹனஃபி மத்ஹபில், பயணத் தொலைவுக்கு அப்பால் செல்லும் பெண்ணுக்குக் கணவரோ மஹ்ரமோ உடனிருத்தல் வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில், கடமையான ஹஜ்ஜுக்கு நம்பிக்கைக்குரிய பெண்கள் குழுவோடு அவள் செல்லலாம். வடநாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். தமிழகத்தில் உள்நாட்டு இராவுத்தர் ஹனஃபிகள். கடற்கரை மரைக்காயர் ஷாஃபிஈகள். ஆயினும் அரசு விதி 2017 வரை எல்லாப் பெண்களுக்கும் மஹ்ரம் கட்டாயம் என்றே வைத்திருந்தது. ஷாஃபிஈ சட்டம் கைம்பெண் ஒருத்திக்குத் திறந்து வைத்த வாயிலைப் பொதுவிதி அடைத்திருந்தது எனலாம்.

2018-ஆம் ஆண்டு ஹஜ்ஜு முதல், 45 வயது நிறைந்த பெண்கள் நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ குழுவாகச் சேர்ந்து மஹ்ரம் இன்றி விண்ணப்பிக்க இசைவளிக்கப்பட்டது. அவர்கள் சார்ந்த சிந்தனைப் பிரிவு அதனை ஏற்பதாக இருக்க வேண்டும் என்பது உடன் கூறப்பட்ட வரையறை. அவ்வாண்டு ஏறத்தாழ 1,300 பெண்கள் விண்ணப்பித்தனர். 2023-இல் இவ்வகையினர் 4,000-க்கும் மேற்பட்டனர். மஹ்ரம் கட்டாயமன்று எனச் சவூதி அரசின் ஹஜ் அமைச்சர் 2022 அக்டோபரில் அறிவித்தார்.

மேற்கூறிய வரையறையைத் தமிழாக்குவோர் ‘சிந்தனைப் பிரிவு’ என்று எழுதினால், படிப்பவர் அதனை இயக்கம் என்றோ கட்சி என்றோ கொள்வர். தமிழ் முஸ்லிம் பெண் நன்கறிந்த ‘மத்ஹபு’ என்னும் சொல்லை எழுதினால், தனக்குரிய விதி எது என்பது அவளுக்கு உடனே விளங்கும். ‘ஆண் துணையின்றிச் செல்லும் பெண்கள்’ என்னும் தலைப்பும் இத்தகையதே. பெண்கள் குழுவோடு செல்வது ஷாஃபிஈ சட்டத்தில் துணையோடு செல்வதேயாகும். தலைப்போ அதனைத் துணையின்மையாகக் காட்டுகிறது. மரபு அனுமதித்த ஒன்றை மீறலாக எண்ணச் செய்வது இம்மொழிபெயர்ப்பின் விளைவு.

6. முடிவுரை

மயூர் விஹாரில் மகன் வீட்டில் வாழும் ஒரு காயல்பட்டினத்துத் தாய் இப்பயணத்திற்கு ஆயத்தமாகிறார் என்று கொள்வோம். தில்லியின் பயிற்சி வகுப்பில் ‘ஃபர்ஸ்’, ‘ஹைஸ்’, ‘மெஹ்ரம்’ என அவர் கேட்பன, சிறுவயதில் அரபுத்தமிழில் பயின்ற ‘பர்ளு’, ‘ஹைளு’, ‘மஹ்ரம்’ என்பனவே. ஒலிவேறுபாட்டை அவர் விரைவில் கடந்துவிடுவார். வகுப்பு ஹனஃபி விதியைப் பொதுவிதியாகக் கூறும்பொழுது, தனக்கு ஷாஃபிஈ விதி வேறு உண்டு என்பதை அவருக்கு நினைவூட்டத் தமிழில் தெளிவான கையேடு வேண்டும்.

அத்தகைய கையேட்டை எழுதுவோர்க்கு இவ்வாராய்ச்சியினின்று இரு நெறிகள் கிடைக்கின்றன. செயலைக் குறிக்கும் சொல்லாயின் தமிழ்ச் சொல்லையே ஆளலாம். ஆனால் அச்செயலைப் பெண் எவ்வாறு செய்கிறாள் என்பதையும் அருகே கூறுதல் வேண்டும். சட்ட விளைவுடைய சொல்லாயின் கடன்சொல்லை அப்படியே நிறுத்தி, அதற்குள் அடங்கும் உறவுகளைத் தமிழ் உறவுப்பெயர்களால் ஒவ்வொன்றாக விரித்தெழுதுதல் வேண்டும். ‘மருமகன்’ என்று எழுதினால் போதாது. ‘மகளின் கணவர்’, ‘உடன்பிறந்தான் மகன்’ எனப் பிரித்தெழுத வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கீழக்கரை ஆலிம்கள், தம் ஊர்ப் பெண்கள் பயின்ற எழுத்திலும் அவர்கள் பேசிய தமிழிலும் சட்டத்தை எழுதிவைத்தனர். இன்றைய மொழிபெயர்ப்பாளர்க்கு அவர்கள் விட்டுச்சென்ற முன்மாதிரி அதுவேயாம்.