அடுப்பும் வயலும்

வயலில் விளைவதில் தானியம் மனிதனுக்கு, எஞ்சுவது எதற்கு? எரிப்பதற்கா, எருவாக்குவதற்கா? வட இந்திய வேளாண்மையில் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு இது. அதன் வரலாற்றை அறிந்தால் இன்றைய வைக்கோற் பிரச்சினையும் தெளிவாக விளங்கும்.

1889-ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்தின் அரச வேளாண்மைக் கழகத்தின் ஆலோசனை ரசாயனியாகிய ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் நம் நாட்டு விவசாயத்தை ஆராய வந்தார். அவரது அறிக்கை 1893-இல் வெளியாயிற்று. இந்திய உழவன் எருவின் அருமை அறியாமல் சாணத்தை வரட்டி தட்டி எரிக்கிறான் என்பது அன்றைய அதிகாரிகள் பலரின் எண்ணம். வோல்க்கர் அதனை மறுத்தார். விறகு கிடைக்கும் இடங்களில் உழவன் சாணத்தை எரிப்பதில்லை என்று காட்டி, விறகுக்கும் தீவனத்துக்கும் தனிக்காடுகள் வளர்க்குமாறு பரிந்துரைத்தார். எரியும் வரட்டியிலிருந்து தழைச்சத்து காற்றோடு போய்விடுகிறது. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் சாம்பலில் தங்கினாலும், அச்சாம்பல் வயலுக்குத் திரும்பினால்தான் பயன்.

அடுத்து வந்தவர் ஆல்பர்ட் ஹோவர்டு. 1924-இல் இந்தூரில் தொடங்கிய பயிர்த்தொழில் ஆராய்ச்சி நிலையத்தில், பருத்திக் குச்சி, சருகு, களை முதலிய கழிவுகளைச் சாணத்தோடும் மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணோடும் அடுக்கி மக்கச் செய்தார். ‘இந்தூர் முறை’ எனப் பெயர் பெற்ற அதனை, யஷ்வந்த் வாட் என்பாருடன் சேர்ந்து 1931-இல் நூலாக வெளியிட்டார். மண்ணின் பசி தீர வழி பிறந்தது. அடுப்பின் பசியோ அப்படியே நின்றது.

இரண்டையும் ஒருங்கே தீர்க்கும் வழியைத் தில்லியில் எஸ்.வி. தேசாய் தேடினார். 1939-இல் அவர் காற்றுப் புகாத கலத்தில் சாணத்தைப் புளிக்கவைத்து எரிவாயு எடுக்கும் ஆராய்ச்சியில் இறங்கினார். 1950-களில் ஜஷ்பாய் படேல் கிராமத்துக்கு ஏற்ற கலத்தை வகுத்தார். பின்னர்க் கதர் கிராமத்தொழில் ஆணையம் அதனைப் பரப்பியது. இதன் தத்துவம் எளியது. எரியும் வாயுவாகிய மீத்தேனில் கரிமமும் ஹைட்ரஜனுமே உண்டு. தழை, மணி, சாம்பல் சத்துக்கள் பெரும்பாலும் கலத்தின் எச்சத்திலேயே தங்கிவிடுகின்றன. அடுப்புக்கு நெருப்பும் வயலுக்கு உணவும் ஒரே சாணத்திலிருந்து கிடைக்கின்றன.

இன்று அதே கேள்வி வைக்கோலைப் பற்றி எழுந்துள்ளது. நம் ஊர்ப்பக்கத்தில் வைக்கோற்போர் குடும்பத்தின் செல்வம். மாட்டுக்கு அதுவே தீவனம். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் மாடு தின்பது பெரும்பாலும் கோதுமைப் பூசை. அறுவடை இயந்திரம் வயலில் விட்டுச்செல்லும் நெற்றாளை, கோதுமை விதைப்புக்கு இருக்கும் சில வாரங்களுக்குள் அகற்றவேண்டி, பலர் தீயிடுகின்றனர். தில்லிவாழ் தமிழர் ஐப்பசி, கார்த்திகையில் காணும் புகையில் அதற்கும் பங்குண்டு. ஒரு டன் நெல் வைக்கோலில் ஏறத்தாழ 5 அல்லது 6 கிலோ தழைச்சத்தும், அதைவிடப் பன்மடங்கு சாம்பல் சத்தும், 400 கிலோ அளவுக்குக் கரிமமும் அடங்கியுள்ளன.

2022 ஆகஸ்டில் பானிப்பட்டில் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையும், அதே ஆண்டு அக்டோபரில் பஞ்சாபின் லெஹ்ராகாகாவில் எரிவாயு ஆலையும் திறக்கப்பட்டன. இவை வரவேற்கத்தக்கவை. வைக்கோலுக்கு விலை கிடைத்தால் தீயிடும் கை தயங்கும். ஆயினும் வயலிலிருந்து வண்டியேறிப் போன சத்து, ஆலையின் எச்சமாகவேனும் திரும்பி வந்தாலன்றி, புகை குறையுமே ஒழிய மண்ணின் இழப்பு குறையாது. திரும்பி வந்தாலும், எரிபொருளாகிவிட்ட கரிமம் திரும்பாது. ஆதலால் தாளில் ஒரு பகுதி வயலிலேயே மக்குவதும் அவசியம்.

வோல்க்கர் உழவனைப் பழிக்காமல் அவன் முட்டுப்பாட்டை நோக்கினார். தேசாய் நெருப்பையும் உரத்தையும் பிரித்தறிந்தார். எரிபொருள் ஆலை அமைப்போர் இவ்விரு பாடங்களையும் மனத்திற்கொள்வாராயின், ஆலையும் வளரும். அதற்கு வைக்கோல் தரும் நிலமும் வாழும்.