லோபருக்குள் ஆவாரம்பட்டை

லோபர் ஷூ வாங்க வருகிற பெண்கள் மேல்தோலைத் தடவுவார்கள், குதியைத் தட்டுவார்கள். செல்லூரில் செருப்புக் கடை போட்டிருக்கிற நான் அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்கிறவன். உள்ளே ரெக்சினா, தோலா என்பதில்தான் ஷூவின் யோக்கியதை தெரியும். இங்கிலாந்தின் நார்தாம்டன் ஷூப் பட்டறைகளின் கைவேலையை உலகமே மெச்சுகிறது. மெச்சட்டும். ஆனால் இங்கிலாந்து ஷூக்களின் உள்தோலில் நம் கரட்டுக்காட்டு ஆவாரஞ்செடி வெகுகாலம் இருந்தது.

திண்டுக்கல் பேகம்பூரில் என் மாமா ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் பட்டறையில், கணக்கெழுதினார். அங்கே பார்த்தது இன்னும் மூக்கிலேயே நிற்கிறது. உப்புப் போட்டு வரும் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இறக்கி, மயிரையும் சவ்வையும் கத்தியால் வழிப்பார்கள். பிறகு பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் கிடக்கும். பழைய நாளில் அது ஆவாரம்பட்டைதான். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். வெளிச்சம் பட்டுத் தோல் சிவந்துபோகாமல் இருக்க அது வேண்டும். அப்புறம் எண்ணெய். இப்படிப் பதமான ஆட்டுத்தோல் வெளிறிய நிறம், மெல்லிசு, வியர்வையை உறிஞ்சும். உள்தோலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சென்னைத் துறைமுகத்திலிருந்து கட்டுக்கட்டாக லண்டன் ஏலத்துக்குப் போன இந்தச் சரக்குக்குக் கிழக்கிந்தியத் தோல் என்று பெயர். வியாபாரிகள் வாயில் இன்றும் ஈ.ஐ. தோல்தான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் நம் மாட்டுத்தோலை வாரிக்கொண்டு போனது, பூட்ஸின் மேல்தோலுக்கு.

முதலாளிகளில் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பத்தார்; சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். கையும் காலும் வெந்து வெளுத்துப்போகும். 1940களில் ஏ. பாலசுப்ரமணியம் போன்ற கம்யூனிஸ்டுகள் அவர்களுக்குச் சங்கம் கட்டினார்கள். டி. செல்வராஜ் அந்த வாழ்க்கையைத்தான் 'தோல்' நாவலாக்கினார். 2012இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல். மாமாவின் பேரேட்டில் தோலுக்குத் தரம் பிரித்துக் கணக்கு இருந்தது. வெந்த காலுக்கு எந்தப் பத்தியும் இல்லை.

ஆவாரம்பட்டைக்குப் பதில் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வந்தது. அதற்காகக் கொடைக்கானல் மலையிலும் வாட்டில் நட்டார்கள். புல்வெளியை விழுங்கிவிட்டுப் பரவிய மரம் அது. கீழே தோல் பதமாவதற்கு மேலே மலையைக் காவு கொடுத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

1973 வாக்கில் அரசாங்கம் பச்சைத்தோல் ஏற்றுமதியை நிறுத்தி, பாதிப் பதமான தோலுக்கும் அளவு வைத்தது. தோலாக விற்றவர்கள் ஷூவாக விற்கவேண்டிய கட்டாயம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ ஊர்களாக எழுந்தது அப்படித்தான். நார்தாம்டன்காரர் தைக்கத் தோல் அனுப்பிய நாடு, தானே தைத்து அனுப்பத் தொடங்கியது.

லோபரின் முன்புறம் சுருக்கம் பிடித்தாற்போல் ஒரு தையல் ஓடுமே, அழகே அதில்தான். இயந்திரம் தைத்தால் அந்தச் சுருக்கம் உயிரில்லாமல் இருக்கும். ஆம்பூர்ப் பக்கத்தில் அதைப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து ஊசியால் தைக்கிறார்கள். தரகர் காலையில் வெட்டிய தோலைக் கொடுத்துவிட்டு, தைத்ததை எடுத்துப் போவார். 'கையால் தைத்தது' என்று சீட்டு ஒட்டி விலையை ஏற்றுவது அப்புறம் வேறெங்கோ நடக்கிறது. தைத்தவளுக்குச் சோடிக் கணக்கில்தான் கூலி. கம்பெனிப் பதிவேட்டில் பெரும்பாலும் பேர் இருக்காது, அதனால் பி.எஃப்பும் கிடையாது, இ.எஸ்.ஐ.யும் கிடையாது.