ஊசி மாற்றுத் திட்டம்

போதைப் பொருள்களை ஊசி மூலம் ஏற்றிக்கொள்வோர், ஒருவர் குத்திய ஊசியை மற்றொருவர் வாங்கிக் குத்திக்கொள்வதால் பரவும் இரத்தவழி வியாதிகளைத் தடுக்கும்பொருட்டு, பழைய ஊசியையும் சிரிஞ்சையும் பெற்றுக்கொண்டு புதியவற்றை இலவசமாகக் கொடுக்கும் சுகாதார ஏற்பாடு இப்பெயர் பெறும். பழக்கத்தை விட்டொழித்த பின்னரே வைத்தியம் என்று நிபந்தனை விதியாது, விட இயலாதிருக்கும் நாளிலும் அம்மனிதரின் உயிரைக் காப்பது வைத்தியத்தின் கடமை எனக் கொள்ளும் தீங்குக் குறைப்புத் தத்துவத்தின் பிரதான அங்கம் இது.

தோற்றம்: போதைப் பழக்கத்தை நோயாகவே கருதிய பிரிட்டனின் ரோல்ஸ்டன் குழு, மார்ஃபினோ ஹெராயினோ இன்றி இயல்பாக வாழ இயலாதவர்க்கு அதனைக் குறைந்த அளவில் கொடுத்துவர வைத்தியருக்கு உரிமை உண்டென்று 1926-இல் கூறியது. ஆயினும் ஊசியை மாற்றித் தரும் யோசனை பழக்கத்தாரிடமிருந்தே எழுந்தது. 1984-இல் ஆம்ஸ்டர்டாமில் சிரிஞ்சு விற்றுவந்த மருந்துக்கடை ஒன்று விற்பனையை நிறுத்தவே, ஹெபடைடிஸ் பி பரவும் என்றஞ்சிய பழக்கத்தாரின் சங்கம், நகர சுகாதாரத் துறையிடம் சிரிஞ்சுகளைப் பெற்றுத் தானே விநியோகித்தது.

அக்காலத்தே எடின்பரோவில் நேர்ந்தது இதற்கு மறுதலை. காவலர் சிரிஞ்சுகளைப் பறிமுதல் செய்தனர். கடைக்காரர் விற்க மறுத்தனர். கைக்கெட்டிய சில ஊசிகள் பலர் உடலில் ஏறின. அந்நகரின் ஒரு மருத்துவ நிலையத்தில் சோதிக்கப்பட்ட ஹெராயின் பழக்கத்தாருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு எச்.ஐ.வி. இருந்ததென 1986-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அவ்வாண்டே லிவர்ப்பூலில் ஊசி மாற்று நிலையம் திறக்கப்பட்டது. 1988-இல் பிரிட்டிஷ் அரசின் ஆலோசனைக் குழு, போதைப் பழக்கத்தைவிட எச்.ஐ.வி. பரவலே பெரிய அபாயம் என்று அறிவித்தது.

செயல்முறை: வருபவர் தம் கையாலேயே பழைய ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் பெட்டியில் இடுவார், பணியாளர் அதைத் தொடுவதில்லை. புது ஊசியோடு, தோலைத் துடைக்க ஸ்பிரிட் தோய்த்த பஞ்சும் தரப்படும். கையில் சீழ்க்கட்டி இருந்தால் கட்டுப்போடுவர். விரும்பினால், ஹெராயினுக்கு மாற்றாக மருந்து தரும் மெதடோன் சிகிச்சைக்கும் வழிகாட்டுவர். ஆஸ்பத்திரிக்குள் கால்வைக்கக் கூசியவர் பலருக்கு வைத்தியத்தோடு முதற் பரிச்சயம் இங்கேதான் ஏற்படுகிறது. ஊசி கொடுப்பது பழக்கத்தை வளர்க்கும் என்ற ஆட்சேபத்துக்கு ஆதாரமில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2004-ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு தெளிவுறுத்தியது.

இந்தியாவில்: மியன்மார் எல்லையை ஒட்டிய மணிப்பூரில், 'நம்பர் ஃபோர்' எனப்பட்ட ஹெராயினைக் குத்திக்கொண்ட இளைஞரிடையே 1989, 1990 ஆண்டுகளில் எச்.ஐ.வி. காட்டுத்தீப்போல் பரவியது. அம்மாநிலம் 1996-இல் தன் எய்ட்ஸ் கொள்கையில் தீங்குக் குறைப்பை ஏற்றது. 2007-இல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டம், ஊசி வழங்கலோடு, அத்தகைய மாற்று மருந்தாக நாவடியில் கரையும் புப்ரெனார்ஃபின் மாத்திரைச் சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டது. போதைப் பொருள் உட்கொள்வதை 1985-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிப்பதால், அஞ்சி மறைந்து வாழ்வோரைத் தேடிக் களப்பணியாளரே செல்ல வேண்டியிருக்கிறது. நோயாளியைக் குற்றவாளியாகப் பாராத வைத்தியரும் காவலரும் அமைந்தாலன்றி இத்திட்டம் முழுப்பயன் தராது.