இந்திய வீட்டுத் திட்டம் (இலங்கை)

உள்நாட்டுப் போரில் வீடிழந்த குடும்பங்களுக்காக இந்திய அரசு இலங்கையில் நிறைவேற்றிய நன்கொடைத் திட்டம். கடனாக அல்லாமல் முழுக் கொடையாகவே பணம் வந்தது. 2010 ஜூனில் 50,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. 2012 ஜனவரியில் உடன்படிக்கை கைச்சாத்தானது.

தேவை எவ்வளவு பெரியது என்பதை அறிய யாழ்ப்பாணத்து வடகரையில் உள்ள தொண்டைமானாற்றிலிருந்து மேற்கே பார்த்தாலே போதும். பலாலி, மயிலிட்டி என நீளும் அந்தக் கரையோரத்து மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தார்கள். ஊர்கள் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் விடுவிக்கப்பட்டது. திரும்பியவர்களில் பலருக்கு வளவு இருந்தது, வீடு இல்லை.

முதலில் 1,000 வீடுகள் ஒப்பந்தகாரர் மூலம் கட்டப்பட்டன. 2012 அக்டோபர் 2இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் முறை மாறியது. வடக்கு, கிழக்கில் 45,000 குடும்பங்களின் வங்கிக் கணக்குக்கே பணம் தவணை தவணையாகச் சென்றது: புது வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், திருத்த வேலைக்கு 2,50,000. அத்திவாரம், சுவர், கூரை என வேலை நகர நகர அடுத்த தவணை கிடைத்தது. மேசனைப் பிடிப்பதும் மணல் ஏற்றுவதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. திட்டத்தின் உயிர்நாடி இதுவே: வீட்டின் அமைப்பைக் குடும்பமே தீர்மானித்தது. ஆனால் பொருள் விலை ஏற ஏறக் கொடுத்த தொகை போதாமல் கடன்பட்டவர்களும் உண்டு.

2015 மார்ச் 14 அன்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி யாழ்ப்பாணத்து இளவாலையில் வீடுகளைக் கையளித்தார்.

மூன்றாம் கட்டம் 2016இல் மலையகத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்கு, லயன் அறைகள் எனப்படும் தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளுக்குப் பதிலாக 4,000 தனி வீடுகள். 2017 மேயில் நோர்வூட்டில் மேலும் 10,000 அறிவிக்கப்பட்டன.